சாய்ந்த கழுத்தும் வேலூர்ப் பயணமும்

தண்ணீரில்லா ஆறு, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில் என்று வேலூரைப் பற்றி வேடிக்கையாகச் சொல்வதுண்டு. பாலாற்றைப் பற்றிய சொல் ஆண்டின் பெரும்பகுதிக்கு இன்றும் பொருந்தும். கோட்டையில் அரசன் இல்லை என்பதும் மெய்யே. கோயிலைப் பற்றியது மட்டும் பழங்கதையாயிற்று; கோட்டைக்குள் இருக்கும் சலகண்டேசுவரர் ஆலயத்தில் 1981-ஆம் ஆண்டு மீண்டும் மூர்த்தம் நிறுவப்பெற்று வழிபாடு நடந்து வருகிறது. இந்த 'இல்லை'களைக் காண வேலூருக்குப் போகிறவர்கள் சிலரே. அங்கே 'உண்டு' என்று கேள்விப்பட்ட ஒன்றை நாடித்தான் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் காட்பாடிச் சந்திப்பிலும் பேருந்து நிலையத்திலும் வந்து இறங்குகிறார்கள். 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நாங்களும் அவ்வாறே போனோம். எங்களோடு வந்த நோயாளிக்கு வயது மூன்று மாதம்.

என் மகளுக்கு அது தலைப்பிள்ளை. பேறு எளிதாக அமையவில்லை. நெடுநேர வேதனைக்குப் பின் கருவி கொண்டுதான் குழந்தையை எடுத்தார்கள். ஆயினும் தாயும் பிள்ளையும் நலமாக வீடு திரும்பினர். இருபதாம் நாள் எண்ணெய் தேய்த்து நீராட்டும்போது, குழந்தையின் வலக்கழுத்தில் ஏதோ கட்டியாக இருப்பது என் மனைவியின் விரலுக்குத் தட்டுப்பட்டது. சுண்டைக்காய் அளவுதான், ஆனால் கெட்டியாக இருந்தது. தொட்டால் குழந்தை அழவில்லை. அதற்கு முன்பே தலை வலத்தோள் பக்கம் சாய்வதையும் முகவாய் இடப்புறம் திரும்பியே இருப்பதையும் கண்டிருந்தோம். பிள்ளை படுத்த வாக்கு அப்படி என்று எண்ணி விட்டுவிட்டோம். கட்டியைக் கண்ட பிறகுதான் வீட்டில் அச்சம் புகுந்தது.

நாட்டுப்புறத்தில் இத்தகைய அச்சம் முதலில் போய் நிற்கும் வாசல் மருத்துவமனையன்று. எங்கள் தெருக்கோடியில் ஓர் ஆயா இருக்கிறார். எழுபது வயதைத் தாண்டியவர். என் மகளையே குழந்தைப் பருவத்தில் நீராட்டிய கை அவருடைய கை. அவர் வந்து பார்த்தார். கழுத்தைத் தடவினார். "பயப்படாத கண்ணு. உரம் வுழுந்திருக்கு. மூணு நாள் எடுத்தா சரியாப் பூடும்" என்றார்.

உரம் விழுதல் என்ற சொல்லை நகர்ப்புற வாசகர் சிலர் கேட்டிருக்க மாட்டார்கள். தலை நிற்காத பிள்ளையைத் தூக்கத் தெரியாமல் தூக்கினாலோ, உறக்கத்தில் பிள்ளை தாறுமாறாகப் புரண்டாலோ, கழுத்தும் தோளும் பிசகி இறுகிக்கொள்ளும் என்பது நம் முன்னோர் கருத்து. அவ்வாறு இறுகியதை இளக்குவதே உரம் எடுத்தல். மெல்லிய பழஞ்சேலையில் குழந்தையைக் கிடத்தி, இரு முனைகளையும் இருவர் பிடித்துக்கொண்டு இப்புறமும் அப்புறமுமாக உருட்டுவார்கள். விளக்கெண்ணெய் தடவி நீவுவார்கள். சிலர் அதோடு நில்லாமல் குழந்தையின் கால்களைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கித் தட்டுவதும் உண்டு. சாதாரணப் பிடிப்பு என்றால் ஓரிரு நாளில் தானாகவே விட்டுவிடும். அந்தப் புகழ் உருட்டிய கைக்குப் போய்ச் சேரும். ஆயாவின் பெயர் எங்கள் வட்டாரத்தில் பரவியதற்கு அப்படித் தேறிய பிள்ளைகளே சாட்சி.

முதல் இரண்டு நாட்கள் சேலையில் உருட்டல் நடந்தது. குழந்தை அழுதது, நாங்கள் பொறுத்துக்கொண்டோம். மூன்றாம் நாள் கால்களைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினார். அந்த அலறலை நான் இன்னும் மறக்கவில்லை. குடித்த பால் முழுவதும் வெளியே வந்துவிட்டது. அன்றிரவு பிள்ளை பாலே அருந்தாமல் விம்மிக்கொண்டு கிடந்தது. மறுநாள் சம்பந்தியம்மாள் வந்து, இன்னும் இரண்டு முறை எடுத்தால் தலை நேராகிவிடும் என்றார். என் மனைவி மாட்டேன் என்று மறுத்துவிட்டாள். இரண்டு குடும்பங்களுக்கிடையே ஒரு வாரம் பேச்சு வார்த்தை இல்லை. சாய்ந்த கழுத்து ஒன்று எத்தனை முகங்களைத் திருப்பிவிடும் என்பதை அப்போது கண்டேன்.

அருகிலுள்ள நகரத்தில் ஒரு மருத்துவரிடமும் காட்டினோம். அவர் கழுத்தைத் தொட்டும் பார்க்கவில்லை. போகப் போகச் சரியாகும் என்று சொல்லிச் சத்து மருந்து எழுதிக் கொடுத்தார். அவருடைய சொல்லை நம்பி நாங்கள் ஐந்து வாரங்களை இழந்தோம். இறுதியில் எங்கள் பங்கிலுள்ள மருந்தகத்தில் பணிபுரியும் கன்னியர் ஒருவர், தடுப்பூசிக்காகக் கொண்டுபோன குழந்தையை மடியில் கிடத்திக் கழுத்தை மெல்ல இருபுறமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது உரம் இல்லை ஐயா. தசை குறுகியிருக்கிறது. நாளைக்கே வேலூருக்குப் புறப்படுங்கள், காத்திருக்கக் காத்திருக்கக் கடினமாகும்" என்றார்.

மறுநாள் விடியலில் புறப்பட்டோம். திருக்கோவலூரிலிருந்து திருவண்ணாமலை சென்று, அங்கிருந்து வேறு பேருந்தில் போளூர், கண்ணமங்கலம் வழியாகப் பயணம். வழிநெடுக மலைகள் கூடவே வந்தன. எனக்கு அவற்றில் கண் செல்லவில்லை. பேருந்து குலுங்கும்போதெல்லாம் என் மகள் குழந்தையின் தலையைத் தன் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டாள். அவளுடைய மணிக்கட்டு வீங்கிப்போயிற்று. பக்கத்து இருக்கையில் இருந்த மூதாட்டி ஒருவர் குழந்தையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "உரம் எடுத்தீங்களா?" என்று கேட்டார். நாங்கள் இருவரும் பதில் சொல்லவில்லை. கணியம்பாடியைக் கடந்து பாகாயம் வந்ததும், மரங்கள் அடர்ந்த மருத்துவக் கல்லூரி வளாகம் தென்பட்டது. அதன் வரலாறு அப்போது எனக்குத் தெரியாது. பிறகு சொல்கிறேன்.

வேலூரில் மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்கள் ஒரு தனி உலகம். கடைப் பலகைகளில் தமிழோடு வங்காளமும் இந்தியும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. சாப்பாட்டு விடுதிகளில் வங்காளத்து மீன் குழம்பு கிடைக்கிறது. வாரக்கணக்கில் தங்குவோருக்காக, அடுப்பும் பாத்திரமும் வைத்துச் சமைத்துக்கொள்ளக்கூடிய அறைகளை வாடகைக்கு விடுகிறார்கள். நாங்களும் அத்தகைய அறை ஒன்றை எடுத்தோம். சன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். ஆனால் தரை சுத்தமாக இருந்தது. அந்தத் தரை எங்களுக்கு எவ்வளவு வேண்டியதாகப் போகிறது என்பது அப்போது தெரியவில்லை.

இந்த மருத்துவமனை தோன்றிய கதை தென்னாற்காட்டுக்காரனாகிய எனக்குச் சற்று நெருக்கமானது. ஐடா ஸ்கடர் என்னும் அமெரிக்கப் பெண்மணி 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர். மருத்துவ ஊழியர் குடும்பத்தவர். இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் தம் தந்தையாரின் இல்லத்தில் தங்கியிருந்தபோது, ஒரே இரவில் மூவர் வந்து தங்கள் மனைவியரின் பிரசவத்துக்கு உதவி கேட்டார்கள். தந்தையார் மருத்துவர், ஆனால் அவர் ஆண் என்பதால் வேண்டாம் என்றார்கள். ஐடாவோ அப்போது மருத்துவம் கற்றவரல்லர். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். இந்தியாவில் தங்க விரும்பாதிருந்த அப்பெண், அதன் பின் அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று, 1900-இல் வேலூர் திரும்பி ஒற்றைக் கட்டிலுடன் பணியைத் தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை நிறுவினார். 1960-இல் மறைந்தார். நம் வீட்டுப் பிள்ளைப்பேற்று அறைகளில் எவர் கை படலாம், எவர் கை படலாகாது என்ற வழக்குத்தான் இந்த ஊரின் பெரிய மருத்துவமனைக்கு வித்திட்டது என்பதை எண்ணியபடியே வரிசையில் நின்றேன்.

மருத்துவர் ஓர் இளம்பெண். குழந்தையின் கழுத்தைத் தொடுவதற்கு முன் தம் கைகளை ஒன்றோடொன்று தேய்த்துச் சூடாக்கிக்கொண்டார். தலையை எந்தப் பக்கம் எவ்வளவு சாய்க்க முடிகிறது, எவ்வளவு திருப்ப முடிகிறது என்று அளந்து எழுதினார். பிறகு, நாங்கள் எதிர்பாராத விதமாக, இடுப்பு மூட்டுகளை விரித்துப் பார்த்தார். கழுத்துச் சாய்வோடு பிறக்கும் பிள்ளைகளில் சிலருக்கு இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் இருப்பதுண்டாம். கண்களையும் சோதித்தார்கள், கண்ணை அசைக்கும் தசை பலவீனமாக இருந்தாலும் பிள்ளை தலையைச் சாய்த்துப் பார்க்கும். கழுத்தெலும்பிலேயே பிறவிக் குறை இருந்தால் அதன் வைத்தியம் முற்றிலும் வேறு. கழுத்துக்கும் இடுப்புக்கும் ஸ்கேன் எடுத்த பிறகே, எலும்பில் குறையில்லை, தசையில்தான் என்று உறுதி கூறினார்கள். சேலையில் உருட்டுமுன் இவற்றில் ஒன்றையேனும் நாங்கள் எண்ணிப் பார்த்ததில்லை.

அவர் விளக்கியதை என்னால் இயன்ற அளவு இங்கே எழுதுகிறேன். வாசகர் ஒருமுறை கண்ணாடி முன் நின்று முகத்தை இடப்புறம் நன்றாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். வலக்கழுத்தில், காதுக்குப் பின்னுள்ள எலும்பு மேட்டிலிருந்து மார்பின் நடுவரை கயிறு போல் ஒரு தசை புடைத்து நிற்கும். கீழே அது இரு கிளையாகப் பிரிந்து, ஒன்று மார்பெலும்பிலும் மற்றொன்று காறை எலும்பிலும் பற்றுகிறது. அதற்கு ஸ்டெர்னோ கிளைடோ மாஸ்டாய்டு என்று பெயர். பெயர் தசையைவிட நீளம். வலப்புறத் தசை குறுகினால் தலை வலத்தோளை நோக்கிச் சாயும். முகமோ இடப்புறம் திரும்பும். எங்கள் குழந்தை இருந்த நிலை அதுவே. தசையின் நார்கள் நெகிழ்ச்சியிழந்து தழும்பு போல் கெட்டிப்படுவதால் இக்குறுக்கம் உண்டாகிறது. கருப்பையில் இடநெருக்கடியாலோ, கடினமான பேற்றாலோ நேரலாம் என்கிறார்கள். தலைப்பிள்ளைகளிடமும், கால் முன்னாகத் திரும்பியிருந்த பிள்ளைகளிடமும் இது மிகுதி. எவரும் தூக்கத் தெரியாமல் தூக்கியதால் வருவதன்று. இதைக் கேட்டதும் என் மகள் தேம்பி அழுதுவிட்டாள். தான் பால் கொடுக்கும்போது பிள்ளையைத் தவறாகப் பிடித்ததால் வந்த வினை இது என்று மூன்று மாதமாக மனத்துக்குள் புழுங்கியிருக்கிறாள். பெற்ற தகப்பனாகிய எனக்கும் அது தெரியாது.

கட்டியைப் பற்றியும் கேட்டோம். புற்று அன்று, பிறந்த இரண்டு மூன்று வாரத்தில் தோன்றிச் சில மாதங்களில் பெரும்பாலும் தானே மறைந்துவிடும் என்றார். அப்படியானால் மருத்துவம் எதற்கு என்று நான் கேட்டேன். அவர் சொன்ன பதிலைத் தாய்மார்கள் மனத்தில் இருத்த வேண்டும். கட்டி மறைவது வேறு, தசை நீள்வது வேறு. கட்டி கரைந்த பின்னும் தசை குறுகியபடியே நின்றுவிடக்கூடும். அப்போது எலும்பு வளர வளரக் குறுகிய தசை தலையை இழுத்துப் பிடிக்கும். எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்து படுப்பதால் பின்மண்டை ஒருபுறம் தட்டையாகும். நாளாக ஆக முகத்தின் இரு பாதியும் ஒத்திராமல் போகும். ஓராண்டு கடந்தும் நிலை மாறாவிட்டால், தசையை அறுத்து விடுவிக்கும் சிகிச்சை வேண்டியிருக்கலாம்.

தொடக்கத்திலேயே கை வைத்தால் பெரும்பாலும் கத்தி வேண்டியதில்லை. ஹாங்காங்கில் 821 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2001-இல் வெளியிட்ட ஆய்வில், கையால் நீட்டும் பயிற்சி பெற்றவர்களில் மிகப் பலர் அறுவையின்றித் தேறினர். எந்த வயதில் தொடங்கினார்கள் என்பதே பலனைத் தீர்மானித்தவற்றுள் முக்கியமானது. மூன்று மாதத்துக்குள் தொடங்குவது மிக நல்லது. எங்கள் பிள்ளை அந்த எல்லைக்கோட்டில் நின்றது.

மறுநாள் முதல் பிசியோதெரபி எனப்படும் இயன்முறைச் சிகிச்சை. நான் எதிர்பார்த்தது யாதெனில், கைதேர்ந்த ஒருவர் குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போய் ஏதோ செய்து நேராக்கித் தருவார் என்பது. நடந்ததோ வேறு. சிகிச்சையாளர் தரையில் பாயை விரித்து, என் மகளை உட்காரச் சொன்னார். "நான் செய்வதைவிட நீங்கள் செய்வதுதான் முக்கியம் அம்மா. நான் ஒரு நாளைக்கு அரை மணி நேரம் பார்ப்பேன். நீங்கள் நாள் முழுவதும் கூட இருக்கிறீர்கள்" என்றார். பாடம் எங்களுக்குத்தான்.

முதலில் தடவுதல். விரல் நுனிகளில் சிறிது எண்ணெய் தொட்டு, காதின் பின்புறமிருந்து காறை எலும்பு வரை, அந்தத் தசை ஓடும் வழியே மென்மையாக நீவ வேண்டும். கட்டியின் மேல் சிறு வட்டமாக, கன்னத்தைத் தொடுவது போல் தொட வேண்டும், அழுத்தி நசுக்கலாகாது. கழுத்தின் முன்பக்கம், மூச்சுக் குழல் இருக்குமிடத்தில் விரல் படவே கூடாது. என் மகள் எண்ணெய்யைக் கண்டதும் முகம் மலர்ந்து, "இதைத்தானே ஆயாவும் செய்தார்!" என்றாள். சிகிச்சையாளர் சிரித்துக்கொண்டே, தடவுவது தவறன்று, அது தசையையும் பிள்ளையின் மனத்தையும் இளக்கி வைக்கும், ஆனால் தடவலோடு நின்றால் குறுகிய தசை நீளாது என்றார்.

அடுத்ததே நீட்டல். குழந்தையை மல்லாக்கக் கிடத்தி, ஒருவர் இரு தோள்களையும் அசையாமல் இதமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த வேலை எனக்கு. மற்றவர் இரு உள்ளங்கைகளிலும் தலையை ஏந்தி, இடக்காது இடத்தோளை நெருங்குமாறு மெல்லச் சாய்க்க வேண்டும். பிறகு தலையை நேரே கொணர்ந்து, முகவாய் வலத்தோளை நோக்குமாறு திருப்ப வேண்டும். இயல்பாகப் போகும் எல்லைவரை போய், அங்கே நிறுத்தி, பதினைந்து எண்ணி, மெல்ல விட வேண்டும். இழுப்பதோ சொடுக்குவதோ அறவே கூடாது. எங்கள் பிள்ளைக்கு ஒவ்வொன்றும் ஐந்து முறை, நாளுக்கு ஐந்து வேளை என்று வகுத்துக் கொடுத்தார்கள். பால் குடித்த உடனே செய்யலாகாது. பிள்ளை எதிர்த்து முறுக்கினாலோ, முகம் கன்றினாலோ, மூச்சு மாறினாலோ அந்தக் கணமே கையை எடுத்துவிட வேண்டும். இவையெல்லாம் எங்கள் பிள்ளையைச் சோதித்த பின் அதற்கென்று சொல்லப்பட்டவை. இதைப் படித்துவிட்டு எவரும் தாமாகவே பிள்ளையின் கழுத்தில் கை வைத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சாய்வுக்குக் காரணம் எலும்பாக இருந்தால் தீங்கே விளையும்.

முதல் நாள் என் மகளின் கை நடுங்கியது. எட்டு எண்ணுவதற்குள் விட்டுவிட்டாள். நான் தோளைப் பிடித்த பிடியும் சரியில்லை என்று திருத்தினார்கள். முப்பத்திரண்டு ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய எனக்கு, மூன்று மாதப் பிள்ளையின் தோளைப் பிடிக்கக் கற்றுக்கொள்ள மூன்று நாள் ஆயிற்று. சிகிச்சையாளர் எங்கள் கைகளின் மேல் தம் கையை வைத்து, எவ்வளவு பலம் வேண்டும் என்பதை உணர்த்தினார். அந்த அளவைச் சொல்லால் விளக்க முடியாது. பழுத்த தக்காளியைக் கையில் வைத்திருப்பது போல் என்று என் மகள் பிறகு தன் மாமியாரிடம் சொன்னாள். நான்காம் நாள், எண்ணிக்கொண்டிருக்கும்போதே குழந்தை உறங்கிவிட்டது.

பயிற்சிக்குப் புறத்தேயும் பல யோசனைகள் சொன்னார்கள். பிள்ளை முகத்தைத் தானே வலப்புறம் திருப்ப வேண்டும் என்பதே எல்லாவற்றுக்கும் நோக்கம். ஆகவே தாய் வலப்புறத்தில் படுக்க வேண்டும். கிலுகிலுப்பையை வலப்புறம் ஆட்ட வேண்டும். வெளிச்சம் வரும் சன்னல் வலப்புறம் இருக்குமாறு பாயை மாற்றிப் போட வேண்டும். விழித்திருக்கும் வேளையில், பெரியவர் ஒருவர் அருகிலிருந்து, பிள்ளையை அடிக்கடி குப்புறக் கிடத்த வேண்டும். தலையைத் தூக்க முயலும்போது கழுத்தின் இருபுறமும் வலுப்பெறும். உறங்கும்போது மட்டும் மல்லாக்கத்தான். எங்கள் வீட்டுத் தூளியைப் பற்றியும் கேட்டார்கள். சேலைத் தூளியில் பிள்ளை சுருண்டு ஒரே பக்கம் சாய்ந்து கிடக்கும். தலையை அசைக்க இடமிராது. ஆகவே அதைக் குறைத்துத் தரையில் பாயில் விடுங்கள் என்றார்கள். வாடகை அறையின் சுத்தமான தரை எங்களுக்குப் பயன்பட்டது அப்படித்தான்.

தலைகீழாகத் தூக்கியதை மறைக்காமல் சொன்னோம். மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை. கைக்குழந்தையின் உடலோடு ஒப்பிட்டால் தலை கனமானது, கழுத்தோ வலுவற்றது. உலுக்கினால் மூளையைச் சுற்றியுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் கிழியக்கூடும், உயிருக்கே ஆபத்தாகலாம் என்று மட்டும் சொன்னார். அன்றிரவு என் மனைவியுடன் தொலைபேசியில் பேசியபோது அதைச் சொன்னேன். அவள் நெடுநேரம் பேசாமல் இருந்தாள்.

காத்திருப்போர் கூடத்தில் மேற்கு வங்காளத்திலிருந்து வந்த ஒரு தாயைக் கண்டோம். அவளுடைய மகனுக்குப் பதினான்கு மாதம். அதே சாய்வு, அவனுக்கு இடப்புறம். கட்டி இருந்ததாம், நான்காம் மாதத்தில் கரைந்துவிட்டதாம். ஆகவே நோய் தீர்ந்தது என்று விட்டுவிட்டார்களாம். மொழிபெயர்ப்புக்கு உதவிய பணியாளர் வழியாக இதை அறிந்தோம். அவனுக்கு அறுவை செய்ய நாள் குறித்திருந்தார்கள். அதன் பின்னும் பல மாதம் பயிற்சி தொடர வேண்டும். அந்தப் பிள்ளை எங்கள் குழந்தையைப் பார்த்துச் சிரித்தான். சிரிக்கும்போது அவன் முகத்தில் ஒரு பாதி மற்றப் பாதியைவிடச் சிறிதாக இருப்பதைக் கண்டேன். அந்தத் தாயும் என் மகளும் ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாமலே, மாலை வேளைகளில் விடுதி மொட்டை மாடியில் பாய் விரித்துப் பிள்ளைகளோடு அமர்ந்திருப்பார்கள்.

பாகாயத்தைப் பற்றிச் சொல்வதாகக் கூறினேன். இம்மருத்துவமனையில் உடலியக்க மறுவாழ்வுத் துறையை வளர்த்தவர் டாக்டர் மேரி வர்கீஸ் என்னும் கேரளப் பெண்மணி. 1954-இல் சாலை விபத்தில் முதுகுத் தண்டு பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். மருத்துவ வாழ்வு முடிந்தது என்றே பிறர் எண்ணினர். அவரோ சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே, தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை செய்யக் கற்றுக்கொண்டார். பிறகு நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966-இல் பாகாயத்தில், உள்நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் தோன்றியது. 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார், 1986-இல் காலமானார். ஒரு ஞாயிறு பிற்பகல் நான் மட்டும் நகரப் பேருந்து ஏறி அங்கே போய் வந்தேன். உள்ளே போக எனக்கு அலுவல் இல்லை. வெளியே மரத்தடியில், சக்கர நாற்காலியில் இருந்த ஓர் இளைஞன் தானே கையால் சக்கரத்தைத் தள்ளி ஒரு சிறு ஏற்றத்தில் ஏற முயல்வதையும், அருகில் நின்ற அவன் தாய் தள்ளிவிடக் கை நீட்டிப் பின் கையை இழுத்துக்கொள்வதையும் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோட்டையை ஒரு மாலைதான் பார்த்தோம். கருங்கல் மதிலும் அகழியும் கண்ணுக்கு விருந்து. 1806-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இந்தியச் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த இடம் இது. கோயிலும் பள்ளிவாசலும் கிறிஸ்தவ ஆலயமும் ஒரே மதிலுக்குள் இருக்கின்றன. வரலாற்று ஆசிரியனாக இருந்தவன் ஆதலால், எனக்கு அங்கே வேறோர் அரசன் நினைவுக்கு வந்தான். மாவீரன் அலெக்சாந்தர் தலையை இடப்புறம் சற்றே சாய்த்து நிற்பான் என்று புளூட்டார்க் எழுதியிருக்கிறார். அதுவும் இதே குறையோ என்று பிற்கால மருத்துவர் சிலர் ஆராய்ந்திருக்கிறார்கள். இதை என் மகளிடம் சொன்னேன். "நம் பிள்ளை உலகத்தை வெல்ல வேண்டாம் அப்பா; வலப்பக்கம் திரும்பிப் பார்த்தால் போதும்" என்றாள்.

பதினாறு நாள் தங்கி ஊர் திரும்பினோம். செய்முறை முழுவதையும் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ள அனுமதித்திருந்தார்கள். வேலைக்காக வெளியூரிலிருக்கும் மருமகனும் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, விடுமுறையில் வந்தால் தோளைப் பிடிக்கும் வேலையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். மாதம் ஒருமுறை வேலூர் போய்க் காட்டி வந்தோம். எண்ணிப் பார்த்தால் சலிப்பூட்டும் வேலைதான். ஐந்து வேளை, ஒவ்வொரு நாளும், காய்ச்சல் நாட்கள் தவிர. அறுவடைக் காலத்தில் வீடே வயலில் இருந்தபோதும் அந்த ஐந்து வேளையை என் மகள் விட்டதில்லை. ஐந்தாம் மாதத்தில் கட்டி விரலுக்கு அகப்படவில்லை. சம்பந்தியம்மாள் மகிழ்ந்து, இனி எதற்குப் பிள்ளையை வருத்துகிறீர்கள் என்றார். என் மகள் வங்காளத்துப் பிள்ளையைப் பற்றிச் சொன்னாள். அதன்பின் அவரே வேளை தவறாமல் நினைவூட்டத் தொடங்கினார்.

ஆயா எங்கள் வீட்டுப் பக்கம் நெடுநாள் வரவில்லை. நாங்கள் ஏசுவோம் என்று நினைத்திருக்க வேண்டும். என் மனைவியே ஒருநாள் போய் அழைத்து வந்தாள். திண்ணையில் அமர்ந்து, என் மகள் பிள்ளையின் தலையை ஏந்தி எண்ணுவதை இமைக்காமல் பார்த்தார். "இவ்ளோ மெதுவாவா?" என்று ஒரு முறை கேட்டார். பிறகு, தம் கையைக் கழுவிக்கொண்டு வந்து, அந்தத் தசை எங்கே ஓடுகிறது என்று காட்டச் சொன்னார். என் மகள் ஆயாவின் விரலைப் பிடித்துக் காதின் பின்புறம் வைத்துக் காறை எலும்பு வரை இட்டுச் சென்றாள். அதன் பிறகு எங்கள் தெருவில் இரண்டு தாய்மார்கள் உரம் எடுக்க வந்தபோது, ஆயா முதலில் கழுத்தைத் தடவிப் பார்த்ததாகவும், ஒருத்தியை மருந்தகத்துக்குப் போய்க் கன்னியரிடம் காட்டச் சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். மற்றவள் பிள்ளையை என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை.

எட்டாம் மாதம் காட்டியபோது, தலை இருபுறமும் ஏறக்குறைய ஒரே அளவு திரும்புவதாக எழுதிக் கொடுத்தார்கள். களைத்துப்போன மாலைகளில் மட்டும் சிறு சாய்வு தெரிந்தது. அதுவும் குறையும் என்றார்கள். ஓராண்டு நிறைந்ததும் மறுபடி வரச் சொன்னார்கள். அந்தப் பயணத்துக்கு ஆயாவும் கூட வருவதாகச் சொல்லிவிட்டார். அவருக்குக் கோட்டையைப் பார்க்க வேண்டுமாம்.